இருசப்பனின் பேச்சுத்துணை

இருசப்பனுக்கு ராத்திரியில் கண் தெரியாது என்பது மூன்று வருஷம் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று இருசப்பன். இன்னொன்று அவன் மச்சான் செங்கேணி. மூன்றாவதாக ஒரு ஆளுக்கும் தெரிந்திருந்தது. ஆனால் அது தெரியவந்த ராத்திரியில் யாரும் அதை நினைத்து ஆச்சரியப்படுகிற நிலையில் இல்லை.

உத்திரமேரூர்ப் பக்கத்தில் வேதாசலம் வீட்டில் அம்பாசிடர் வாங்கினபோது, அதை ஓட்ட ஊரில் ஆள் இல்லை. ஊரில் இல்லாதவன் காலனியில் இருந்தான். இருசப்பன் காஞ்சிபுரத்தில் லாரிக் கிளீனராக இருந்து, கியரைத் தொட்டு, ஸ்டீரிங்கைத் தொட்டு, கடைசியில் லைசென்ஸையும் தொட்டுவிட்டு வந்தவன். வேதாசலம் அவனைக் கூப்பிட்டு, மேலும் கீழும் பார்த்து, பல் தேய்த்தாயா, குளித்தாயா என்றெல்லாம் விசாரித்து, சாவியைத் திண்டின்மேல் வைத்தார். கையில் கொடுக்கவில்லை. இருசப்பன் எடுத்துக்கொண்டான்.

அவனுடைய அப்பன் அந்த வீட்டு வாசலில் நின்று "ஆண்டே" என்று கூப்பிட்டே காலத்தை ஓட்டினவர். இருசப்பன் சாவியை எடுத்த அன்றைக்கு "சரிங்க மொதலாளி" என்றான். காலனியில் அன்று முழுக்க இதே பேச்சு. அவனைவிட இளையவனான செங்கேணி, ஒரு துண்டைத் தோளில் போட்டு வயிற்றைத் தள்ளிக்கொண்டு வேதாசலமாகவே மாறி, "இன்னாடா இது, மொதலாளியா? ஆண்டே எங்கடா போச்சி? டயருக்கு அடியில மாட்டிக்கிச்சா?" என்று கேட்டபோது சிரிக்காதவர்கள் இல்லை. இருசப்பன்கூடச் சிரித்தான்.

செங்கேணிக்கு அது பிறவியிலேயே வந்தது. பகலில் கரும்பு வெட்டுவான். கூத்து நடக்கிற மாசத்தில் கட்டியங்காரன் வேஷம் கட்டுவான். மற்ற நேரத்தில் ஊரில் இருக்கிறவர்களையெல்லாம் கட்டுவான். மோர் விற்க வருகிற பொம்பளை, ஏழாம் நம்பர் பஸ் கண்டக்டர், டேஷன் ஏட்டு, மூக்கால் பேசுகிற வாத்தியார் என்று ஒருத்தரும் அவனிடமிருந்து தப்பியதில்லை. அசல் ஆள் எதிரே வந்தால் செங்கேணி வாயை மூடுவான். அசல் ஆள் பேச ஆரம்பித்தால் ஜனங்கள் சிரிப்பார்கள், இவர் ஏன் செங்கேணி மாதிரிப் பேசுகிறார் என்று.

ஸ்டீரிங்குக்கு உட்கார்ந்ததிலிருந்து இருசப்பனின் நடை மாறியது. வெள்ளைச் சட்டையை மடித்துக்கட்டிய வேட்டிக்குமேல் விட்டுக்கொண்டு நடப்பான். கல்யாணத்துக்குப் போனால் அவனுக்கு இலை காருக்கே வரும், தண்ணீர் தனி டம்ளரில் வரும், அதெல்லாம் மாறவில்லை. ஆனால் சேற்றில் இறங்க வேண்டாம். குனிந்து நாற்று நட வேண்டாம். அந்த ஒன்றுக்காக அவன் எதையும் பொறுத்துக்கொள்வான். ஸ்டீரிங் போனால் மறுநாளே சேறு. நடுவில் வேறு எதுவும் கிடையாது.

கண் எப்போது கெட ஆரம்பித்தது என்று அவனுக்கே சரியாகத் தெரியவில்லை. முதலில் அந்தி நேரத்தில் மாடு எது, மரம் எது என்று குழப்பம். அப்புறம் ராத்திரியில் ஹெட்லைட் வெளிச்சம் விழுகிற இடம் மட்டும் தெரியும், அதற்கு அந்தண்டை இந்தண்டை ஒன்றுமே இருக்காது. புகைபோக்கிக்குள்ளே தலையை விட்டுப் பார்க்கிற மாதிரி. எதிரே ஒரு லாரி வெளிச்சத்தை இறக்காமல் வந்துவிட்டுப் போனால், அது போன பிறகும் இருசப்பனுக்கு லாரி போகாது. கண்ணுக்குள் மஞ்சளாக நின்றுகொண்டே இருக்கும். அது கரைந்து ரோடு திரும்பத் தெரிகிறவரை கார் சும்மா போய்க்கொண்டிருக்கும், அவன் பாட்டுக்கு ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பான்.

முருங்கைக்கீரை தின்றான். ஆட்டு ஈரல் தின்றான். பொன்னாங்கண்ணியைப் பச்சையாகவே மென்றான். செங்கல்பட்டில் ஒரு டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இது கீரைக்கு அடங்குகிற மாலைக்கண் இல்லை, உள்ளே திரையே வீணாகிக்கொண்டு வருகிறது, ராத்திரியில் சைக்கிள்கூட ஓட்டாதே என்றார். என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். இருசப்பன், கழனி வேலை என்றான்.

ரோட்டோரப் புளியமரங்களுக்கு அடித்திருந்த வெள்ளைப் பட்டைதான் கொஞ்ச காலம் அவனுக்குத் துணை. மங்கலாக ஒரு வெள்ளை இந்தப் பக்கம், ஒரு வெள்ளை அந்தப் பக்கம், நடுவே போனால் ரோடு. ஆனால் கரும்பு வண்டிக்கு யார் வெள்ளை அடிப்பார்கள்? வெட்டுக் காலம் வந்துவிட்டால் படாளம் பக்கத்து ஆலைக்கு ராவெல்லாம் மாட்டு வண்டிகள் வரிசை கட்டும். அரிக்கேன் விளக்கை அச்சுக்குக் கீழே கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அது மாட்டுக் காலுக்கு வெளிச்சம். பின்னால் வருகிறவனுக்கு ஒன்றும் தெரியாது. வண்டிக்கு வெளியே ஒரு ஆள் நீளத்துக்குக் கரும்பு நீட்டிக்கொண்டிருக்கும், சாய்வாக வெட்டின அடிக்கட்டையோடு. ஓட்டுகிறவன் கரும்பின்மேல் கவிழ்ந்து தூங்குவான். மாட்டுக்கு வழி தெரியும், அது போகும்.

செங்கேணி கண்டுபிடித்தது ஒரு கல்யாண சவாரியில். காஞ்சிபுரத்தில் ஜனங்களை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்புகையில் அவனும் ஏறிக்கொண்டான். மாகறல் தாண்டி ஒரு வைக்கோல் வண்டியை இருசப்பன் மயிரிழையில் உரசிக்கொண்டு போனான். உரசியது அவனுக்கே தெரியவில்லை. செங்கேணி வண்டியை நிறுத்தச் சொன்னான், ஒன்றுக்குப் போக வேண்டும் என்றான். இறங்கிப்போய் ஹெட்லைட்டுக்குப் பக்கவாட்டில் இருட்டில் நின்றுகொண்டு வேட்டியை அவிழ்த்துத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தான்.

"மாமா, நான் இன்னா பண்ணிக்கினு கீறேன் சொல்லு."

"மூத்திரம் வுட்டுக்கினு கீற. சீக்கிரம் வாடா."

செங்கேணி வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். வெகுதூரம் அவன் வாயிலிருந்து எந்தக் குரலும் வரவில்லை. அது அவனுக்கு வழக்கம் இல்லை. ஊர் எல்லை வந்த பிறகுதான், அக்காளுக்குத் தெரியுமா என்று கேட்டான். தெரியாது என்றான் இருசப்பன். பெண்டாட்டி அம்முலுவிடம் சொன்னால் அவள் அன்றைக்கே சாவியைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டுவிடுவாள்.

"அப்போ நானும் கூட வரேன்," என்றான் செங்கேணி. "தூக்கம் வராம பேச்சுத்துணைக்குன்னு சொல்லிக்கோ."

வேதாசலம் முதலில் முகத்தைச் சுளித்தார். டிரைவர் தூங்கி விழுந்து ஒரு குடும்பமே போன சேதி அந்த வாரம்தான் ஊரில் அடிபட்டது. சரி, முன்சீட்டில் ஓரமாக உட்காரட்டும் என்றார்.

அப்புறம் அவர்களே ஒரு முறையை உண்டாக்கிக்கொண்டார்கள். யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்ததில்லை, ஒவ்வொரு சவாரியிலும் ஒன்றொன்றாகச் சேர்ந்துகொண்டது. முன்னால் மாட்டு வண்டி என்றால் செங்கேணி மோர்க்காரியாகிவிடுவான். "மோரேய், மோரு, சோத்துக்கையால வாங்கிக்கோம்மா" என்றால் வலது பக்கம் ஒதுக்கு என்று அர்த்தம். பீச்சாங்கை என்று வந்தால் இடது. வளைவு வந்தால் கண்டக்டர்: "புடிச்சிக்கோ, புடிச்சிக்கோ, வெளிய தொங்காத." ரோட்டில் கேழ்வரகோ கொள்ளோ காயப்போட்டுக் கல் வைத்திருந்தால் வாத்தியார் மூக்கால் வருவார்: "எழுந்து நில்லுடா கல்லுக்குட்டி." எதிரே லாரி வெளிச்சத்தோடு வந்தால் ஏட்டு. "எவன்டா அவன்" என்று தொண்டையைக் கீறிக்கொண்டு அவன் இழுக்கிற இழுப்பில் இருசப்பன் வேகத்தைக் குறைத்து, காலடியில் இருக்கிற டிம்மர் பொத்தானை மிதித்து, கண்ணைத் தாழ்த்திக்கொள்வான். லாரி போய், மஞ்சள் கரைகிறவரை, செங்கேணி கண்டக்டர் குரலில் "ரைட், ரைட், போலாம் ரைட்" என்று கொஞ்சம் கொஞ்சமாக அவனை நடத்திக்கொண்டு போவான்.

பின்சீட்டில் இருப்பவர்கள் சிரித்துச் சிரித்து வருவார்கள். வேதாசலத்தின் சம்சாரம் ராணியம்மாள் எப்போதும் செங்கேணிக்குப் பின்னால்தான் உட்காருவாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். சில சமயம் சிரிக்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு வருவாள். ஒருமுறை கோயில் சவாரியில், பாதி வழியில் செங்கேணி தூங்கிவிட்டான். ராணியம்மாள் ஒன்றும் சொல்லாமல் வெற்றிலைப் பெட்டியால் அவன் தோளில் ஒரு இடி இடித்து, "எங்கடா உன் மோர்க்காரி?" என்று கேட்டாள். அன்றைக்கு இருசப்பனுக்கு அது விளையாட்டாகத்தான் பட்டது.

மூன்று வெட்டுக் காலம் இப்படியே போனது. ஒரு கீறல்கூட இல்லை. ராத்திரியில் ஒழுங்காக ஓட்டுகிற டிரைவர் என்று இருசப்பனுக்குப் பேர்கூட வந்துவிட்டது. பக்கத்து ஊர்க்காரர்கள் வேதாசலத்திடம் வந்து, ராத்திரி சவாரிக்கு உங்க டிரைவரை அனுப்புங்கள் என்று கேட்பார்கள். செங்கேணி வயிறு வலிக்கச் சிரித்தான். இருசப்பன் சிரிக்கவில்லை. பகலிலும் ஓரங்கள் மங்கிக்கொண்டு வருவதை அவன் செங்கேணியிடம்கூடச் சொல்லவில்லை.

மாசி மாசம், வேதாசலத்தின் மகள் சுலோச்சனா தலைப் பிரசவத்துக்கு வந்திருந்தாள். சாயந்திரமே வலி எடுத்தது. மருத்துவச்சி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, குழந்தை குறுக்கே இருக்கிறது, என்னால் ஆகாது, செங்கல்பட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். இருசப்பனைக் கூப்பிட ஆள் ஓடி வந்தபோது அவன் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தான். செங்கேணி வெட்டுக்குப் போய்விட்டு வந்து, அப்போதுதான் படுத்திருந்தான். இருசப்பன் அவனை எழுப்பி இழுத்துக்கொண்டு போனான்.

பின்சீட்டில் சுலோச்சனாவை நடுவே உட்காரவைத்து, ஒரு பக்கம் ராணியம்மாளும் மறுபக்கம் வேதாசலமும் தாங்கிக்கொண்டார்கள். தெரு விளக்கு தாண்டுவதற்குள் முதல் கரும்பு வண்டி வந்தது. செங்கேணி மோர் விற்றான். சுலோச்சனா பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். வேதாசலம் முன்சீட்டின் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டார்.

"இன்னாடா இது, கூத்தா நடக்குது இங்க? பொண்ணு உசுரு போவுது, இவன் மோரு விக்கிறான்."

ராணியம்மாள் அவர் கையைப் பிடித்தாள். அவன் பேசினால் பேசட்டும், பிள்ளைக்கும் கொஞ்சம் கவனம் மாறும் என்றாள். வேதாசலம் அவளையும் அதட்டினார். வாயிலிருந்து இன்னொரு சத்தம் வந்தால் அந்த இடத்திலேயே இறக்கிவிட்டுவிட்டுப் போவேன் என்றார்.

"வாய மூடிக்கினு வா. இல்லனா எறங்கிக்கோ."

ராணியம்மாள் மறுபடி வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள். இருசப்பன் கண்ணாடியில் அவளைப் பார்க்கவில்லை. பார்த்தாலும் தெரிந்திருக்காது.

இறங்கிவிட்டால் இருசப்பனுக்கு இருக்கிற கொஞ்சத் துணையும் இல்லை. ஆகையால் செங்கேணி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தான். கொஞ்ச தூரம் போனதும் அவன் கை இருட்டில் ஊர்ந்து வந்து இருசப்பனின் தொடைமேல் உட்கார்ந்தது. முன்னால் ஏதோ வந்தபோது அழுத்தினான். ஆனால் அது வண்டியா, வளைவா, கல்லா? கைக்குக் குரல் இல்லையே. இருசப்பன் ஒவ்வொரு அழுத்தலுக்கும் வேகத்தைக் குறைத்தான். குறைத்தபோதெல்லாம் பின்னாலிருந்து வேதாசலம், ஏன்டா மாட்டு வண்டி ஓட்டுகிறாய், மிதிடா என்றார். இருசப்பன் மிதித்தான். பேசாமல் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தான். எனக்குக் கண் தெரியாது, இவனைப் பேச விடுங்கள். பத்து வார்த்தைகூட இல்லாத பேச்சு. ஆனால் அதைச் சொன்ன மறுகணம் ஸ்டீரிங் போய்விடும். நெல்வாய் கூட்டு ரோடு வந்தால் சொல்லலாம் என்று நினைத்தான். கூட்டு ரோடு வந்தது. தாண்டினான். இனி புக்கத்துறைதான், அதற்கப்புறம் பெரிய ரோடு, சமாளித்துவிடலாம் என்று நினைத்தான்.

எதிரே லாரி வந்தது. வெளிச்சத்தை இறக்கவில்லை. ஏட்டு வரவில்லை.

இருசப்பன் டிம்மரை மிதித்தான், அவன் பங்குக்கு. லாரி உறுமிக்கொண்டு கடந்தது. பிறகு உலகம் மஞ்சளாக நின்றது. கண்டக்டர் ரைட் சொல்லவில்லை. செங்கேணியின் விரல்கள் தொடையை நகம் பதிய அழுத்தின. வலதா, இடதா என்று அவனுக்குத் தெரியவில்லை. பிரேக்கில் கால் போனது. அதே நேரத்தில் செங்கேணி வாயைத் திறந்துவிட்டான். அவன் சொன்னது மோரும் இல்லை, கண்டக்டரும் இல்லை. அவனுடைய சொந்தக் குரல். இருசப்பன் அதை ரொம்ப நாளாகக் கேட்டதே இல்லை.

"மாமா," என்றான்.

கரும்பு கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது.

கார் நின்றுவிட்டது. மாடுகள் மிரண்டு இரண்டடி போய் நின்றன. ஒரு கணம் இரும்பு சுடுகிற வாடையும் கரும்புச்சாறு வாடையும் சேர்ந்து அடித்தன. வண்டிக்காரன் கரும்பின்மேல் இருந்து சரிந்து விழுந்து, தூக்கக் கலக்கத்தில் மாட்டைத்தான் முதலில் திட்டினான். அப்புறம் விளக்கை அச்சிலிருந்து அவிழ்த்துக்கொண்டு வந்து காருக்குள் காட்டினான். காட்டிவிட்டு விளக்கைத் தாழ்த்தினான்.

செங்கேணிக்குத் தாடைக்குக் கீழே கிழிந்திருந்தது. உயிர் இருந்தது. மூச்சு விடும்போது ஒரு சத்தம் வந்தது, ஈரத் துணியை உதறுகிற மாதிரி. வேதாசலம் இறங்கி வந்து இருசப்பனின் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"கண்ணு தெரியலியாடா உனக்கு?"

"தெரியாது மொதலாளி," என்றான் இருசப்பன். "ராத்திரியில எனக்குக் கண்ணு தெரியாது. மூணு வருசமா தெரியாது. இவன்தான் பேசிப் பேசி ஓட்டுனான்."

வேதாசலம் கையை ஓங்கினார். ஓங்கின கை அடிக்கவும் இல்லை, இறங்கவும் இல்லை. காருக்குள் இருந்து ராணியம்மாள் பேசினாள். சத்தமே போடவில்லை.

"அடிக்கறத அப்பால அடிச்சிக்கோங்க. ஏறுங்க. இருசப்பா, நீயும் ஏறு."

அவள் பின்சீட்டிலிருந்து எக்கி, செங்கேணியின் கழுத்தைத் தன் முந்தானையால் சுற்றி, தன் கையால் அழுத்திப் பிடித்திருந்தாள். அந்த வீட்டுப் பொம்பளை காலனி ஆளைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அதை யாரும் சொல்லவில்லை, வேதாசலம்கூட.

இடது பக்கத்து லைட் உடைந்துவிட்டது. ஒற்றை லைட்டோடு, முன்கண்ணாடி இல்லாமல், மாசிப் பனி நேரே முகத்தில் அடிக்க, இருசப்பன் வண்டியை நகர்த்தினான். எதுவும் தெரியவில்லை. வெள்ளைப் பட்டைகூடத் தெரியவில்லை, கண்ணில் நீர். அப்போது பின்னாலிருந்து, அபிநயம் எதுவும் இல்லாமல், பாடம் ஒப்பிக்கிற மாதிரி ராணியம்மாள் சொன்னாள்:

"மோரு. சோத்துக்கை."

இருசப்பனின் கை தானாக வலது பக்கம் ஒடித்தது. ஒரு வண்டியின் சலங்கைச் சத்தம் இடது பக்கமாகப் பின்னால் போனது.

"புடிச்சிக்கோ, வளைவு," என்றாள். பிறகு, "ரைட். ரைட்."

அப்படியே செங்கல்பட்டு வரைக்கும். சுலோச்சனா அலறினாள். பெரிய ரோட்டில் லாரிகள் வரிசையாக வந்தபோது ராணியம்மாள் ஒவ்வொன்றுக்கும் "எவன்டா அவன்" என்றாள். அவள் வாயில் அந்த வார்த்தை அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை. நடுவே ஒரு இடத்தில் செங்கேணியின் மூச்சுச் சத்தம் நின்றது. இருசப்பன் கேட்டான், அம்மா, அவன் மூச்சு என்று. ராணியம்மாள் அவன் கழுத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"ரோட்டப் பாரு," என்றாள். "ரைட்."

ஆஸ்பத்திரியில் சுலோச்சனாவை உள்ளே கொண்டுபோனார்கள். அறுத்துத்தான் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை, பிழைத்தது, தாயும் பிழைத்தாள். செங்கேணியை வேறு பக்கம் கொண்டுபோனார்கள், ஒரு தள்ளுவண்டியில், முகத்தை மூடி. ராணியம்மாளின் முந்தானை அவனோடேயே போய்விட்டது. அவள் கிழிந்த சேலையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இருசப்பன் சுவரோரம் தரையில் உட்கார்ந்தான். அவளிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று இருந்தது. தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று. ஆனால் தெரிந்தும் சொல்லாதவன் அவனும்தானே. கேட்கவில்லை.

விடிகிற நேரத்தில் வேதாசலம் அவனை வெளியே வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டார். அவர் குரலில் அந்தப் பழைய அதட்டல் இல்லை. மெதுவாக, கழனி விவகாரம் பேசுகிற மாதிரிப் பேசினார். போலீஸ் வரும். கண் தெரியாதவனை வைத்து வண்டி ஓட்டினேன் என்று வந்தால் எனக்கும் அசிங்கம், உனக்கும் ஜெயில். செங்கேணி வாய் ஓயாத ஆள் என்பது சுற்றுப்பட்டு ஊருக்கெல்லாம் தெரியும். அவன் குரல் மாற்றிப் பேசி விளையாடிக்கொண்டு வந்தான், கவனம் சிதறிவிட்டது, வண்டியில் விளக்கில்லாத கரும்பு, மோதிவிட்டது. போனவன் போய்விட்டான், அவனுக்கு இனி என்ன? நீ பகலில் மட்டும் ஓட்டு. ராத்திரிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன்.

"சாவி உங்கிட்டயே இருக்கட்டும்," என்றார்.

இருசப்பனின் சட்டைப்பையில்தான் சாவி இருந்தது. அவன் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பகலில் ஓட்டலாம். பகல் இன்னும் கொஞ்ச வருஷம் இருக்கிறது. சேற்றில் இறங்க வேண்டாம். அம்முலுவிடம், உன் தம்பி வாய்தான் அவனைக் கொன்றது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அவள் நம்புவாள். ஊரே நம்பும். சின்ன வயசிலிருந்தே அவனிடம், உன் வாய் ஒருநாள் உன்னைக் கவிழ்க்கும் என்று சொல்லாதவர் யார்?

ஆஸ்பத்திரி வாசலில் இருந்த போலீஸ் அறைக்கு அவனைக் கூப்பிட்டார்கள். வேதாசலம் முன்னாலேயே போய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் சாத்தியிருந்தது, உள்ளே இருட்டு. இருசப்பனுக்கு வாசற்படி தெரியவில்லை, தடவிக்கொண்டு உள்ளே வைத்தான் காலை. மேஜைக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"எவன்டா அவன், டிரைவரு?"

அதே இழுப்பு. அதே கீறல். இந்த ஏட்டைச் செங்கேணி பார்த்தே இருக்க மாட்டான், ஆனால் குரல் அச்சு அசல் அவன் போட்டது. இருசப்பனின் இடது கால் தானாக நகர்ந்து சிமெண்ட் தரையில் டிம்மரைத் தேடியது. கண் தாழ்ந்தது. பெரிய வெளிச்சம் ஒன்று வரப்போகிறது என்று உடம்பு காத்திருந்தது. அதற்கப்புறம் வரவேண்டிய ரைட், ரைட்டுக்காகவும் காத்திருந்தது. அது வரவில்லை.

கூட இருந்தவன் பேச்சுக் கொடுத்துக்கொண்டு வந்தானாமே என்று ஏட்டு கேட்டார்.

"இல்ல சார்," என்றான் இருசப்பன். "அவன் பேசல. பேசக் கூடாதுன்னுட்டாங்க. பேசியிருந்தா உசுரோட இருந்திருப்பான். எனக்கு ராத்திரியில கண்ணு தெரியாது சார், தெரிஞ்சேதான் ஓட்டுனேன்."

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. இருசப்பன் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து மேஜை இருக்குமென்று நினைத்த இடத்தில் வைத்தான். அது தரையில் விழுந்தது.

கேஸ் நடந்தது. லைசென்ஸ் போனது, உள்ளேயும் இருந்துவிட்டு வந்தான். கோர்ட்டில் ராணியம்மாளைக் கூப்பிடவே இல்லை. வேதாசலம் புது டிரைவரைப் போட்டுக்கொண்டார். தன் கழனியில் இருசப்பனுக்கு வேலை இல்லை என்றார், அவர் சொன்னால் மற்ற கழனிக்காரர்களும் சொன்ன மாதிரிதான். சேறுகூட அவனுக்குக் கிடைக்கவில்லை.

அம்முலு அவனோடு பேசவில்லை. சோறு போடுவாள், தண்ணீர் வைப்பாள், முகம் பார்க்க மாட்டாள். ஒரே ஒரு நாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தினா அன்னிக்கே வூட்டுல குந்த வெச்சிருப்பேன். கஞ்சி குடிச்சிக்கினு கெடந்திருப்போம், மூணு பேரும்."



கடைசியில் அவனுக்குக் கிடைத்த வேலை கரும்பு வண்டி. நெல்வாய்ப் பக்கத்து ஆள் ஒருத்தர் கொடுத்தார். ராத்திரியில் ஓட்ட வேண்டும், ஆனால் ஓட்டுவதற்கு ஒன்றுமில்லை, மாட்டுக்கு வழி தெரியும். முதல் நாள் லோடு ஏற்றி முடித்ததும் இருசப்பன் அச்சுக்குக் கீழே கட்டியிருந்த அரிக்கேனை அவிழ்த்தான். கையால் தடவித் தடவிப் பின்பக்கம் போய், நீட்டிக்கொண்டிருந்த கரும்பில் எது கடைசி என்று பார்த்து, அதன் அடிக்கட்டையில் விளக்கைக் கட்டினான். மற்ற வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். மாட்டுக்கு வெளிச்சம் வேண்டாமா, பின்னால் யாருக்குத் தீபாராதனை என்று கேட்டார்கள். அம்முலு சோற்றுத் தூக்கைக் கொடுக்க வந்தவள், கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். இடுப்பில் செருகியிருந்த பழைய சிவப்பு ரவிக்கைத் துணியை எடுத்தாள். ஒரு துண்டு கிழித்து, சூடு படாமல் விளக்குக் கண்ணாடியைச் சுற்றிக் கம்பிக் கூட்டின்மேல் கட்டினாள். வீட்டுக்குப் போனாள்.

வண்டியில் ஏறிய பிறகு அவன் தூங்குவதில்லை. புளியமரத்தடியில் வண்டிகள் வரிசையாகப் போகையில் கத்திக்கொண்டே போவான், மோரேய் மோரு என்று. அவனுக்குக் குரல் வராது. மோர்க்காரியும் கண்டக்டரும் ஏட்டும் எல்லாரும் இருசப்பனாகவே பேசுவார்கள். லாரிக்காரர்கள் தாண்டிப் போகும்போது வேகத்தைக் குறைத்து, தலையை வெளியே நீட்டுவார்கள்.

"யோவ், யாரு கூடய்யா பேசிக்கினு போற?"

"உங்கூடத்தான்," என்பான் இருசப்பன். "சோத்துக்கைப் பக்கம் ஒதுக்கிப் போ."